துரையிடம் சொன்னது

பட்டறையில் இருந்தது இரண்டே பேர். இரண்டு பேருக்கும் வாய் நன்றாகவே இருந்தது. ஆனால் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அக்கா வண்டிகளுக்குச் சீட்டும் கூரையும் தைப்பவள். தம்பி எஞ்சின் பார்ப்பவன். தெருவே அவர்களை அப்படித்தான் கூப்பிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த பெயின்ட்கடைக்காரர்கூட "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அக்கா பட்டறைக்கு மேலேயே ஓர் அறையில் குடியிருந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "யாரும் அளவு சரியா இல்லை" என்பாள். தம்பி மனைவி பிள்ளைகளோடு அடுத்த தெருவில் இருந்தான்.

சண்டைக்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எஞ்சின் வேலைக்கு வந்த ஒரு ஜீப்காரர் கிழிந்த சீட்டைக் காட்டி, இதற்கு என்ன ஆகும் என்று கேட்டார். தம்பி பெரிய மனுஷத்தனமாக, "அது தையல்தானே சார், அதுக்கு எதுக்குக் காசு? சும்மா போட்டுத் தர்றோம்" என்று சொல்லிவிட்டான். அக்கா திரைக்கு அந்தப் பக்கம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாகக் குனிந்து குனிந்து கழுத்து எலும்பு தேய்ந்தவள். அவள் எழுந்து வந்து இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் திட்டவில்லை. அந்த ஜீப் சீட்டை ஒரு தையல்கூடக் கோணாமல் தைத்துக் கொடுத்துவிட்டு, தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தம்பி முதல் வாரம், தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தான். இரண்டாவது வாரம் அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்ததுகள்தானே, ரோஷத்தில் மட்டும் குறை இருக்குமா?

இதில் ஒரு சிக்கல். சண்டைக்குச் சில நாள் முன்புதான் இருவரும் பாதிப் பாதி போட்டு ஒரு வண்டி வாங்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். இரும்புக் கூரை கிடையாது, துணிக் கூரைதான். வெயிலோ மழையோ வந்தால் விரித்து மூடிக்கொள்ளலாம், இல்லையென்றால் மடித்துச் சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடலாம். நீள மூக்கு, சைக்கிளில் இருப்பது போலச் சக்கரத்தில் கம்பிகள், தரையை உரசிக்கொண்டு போகும் உயரம். ஏதோ ஒரு கிடங்கில் கிடந்ததைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அதில் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. ஓட்டை விழுந்த தரைத் தகட்டின் வழியாகத் தரை தெரிந்தது. இங்கிலாந்திலிருந்து வந்தவர் என்பதால் தம்பியின் மகள் அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்தாள்.

பேச்சு நின்றபின் துரையை என்ன செய்வது? அக்கா தன் பாதியை விடுவதாக இல்லை. தம்பியும் விடுவதாக இல்லை. ஆகவே அவர்கள் சேர்ந்து, ஆனால் சேராமல், அவரைப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள்.

தொடக்கத்தில் தம்பி மனைவிதான் நடுவில் கிடந்து அல்லாடினாள். மத்தியானம் சாப்பாடு கொண்டு வருவாள். "சீட்டோட அடிச்சட்டம் எப்ப வரும்னு கேளு" என்பாள் அக்கா, பத்தடி தள்ளி நிற்பவனைப் பற்றி. "வியாழக்கிழமை வரும்னு சொல்லு" என்பான் அவன். ஒருநாள் அவள் சாப்பாட்டுத் தூக்கைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"சாட்சிக்காரன் கால்ல விழறதைவிடச் சண்டைக்காரன் கால்ல விழறது மேல்னு சொல்வாங்க. நீங்க ரெண்டு பேரும் நடுவுல நிக்கிற என் காலை ஒடிக்கிறீங்க. இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாது. சொல்லிட்டேன்!"

அன்றைக்குச் சாயங்காலமே துரைக்கு உத்தியோகம் கிடைத்தது. தம்பி பானெட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, சத்தமாகச் சொன்னான்: "துரை, சீட்டு ஓடுற தண்டவாளத்தைப் புதுசா மாட்டியாச்சு. ஊசி பிடிக்கிறவங்க இனி அளவெடுத்துக்கலாம்."

அக்கா டேப்போடு போய்த் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவரிடம் போய், "துரை, மாட்டினவங்க இடது பக்கம் ஒரு போல்ட்டை முறுக்க மறந்துட்டாங்க. கண்ணு இருந்தா பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவ்வளவுதான், பழகிவிட்டது. பழகியபின் எதுவும் விசித்திரமாகத் தெரிவதில்லை. பெட்ரோல் குழாய், நூல் நிறம், பித்தளை பட்டன், பிள்ளைக்குக் காய்ச்சல், மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது, எல்லாம் துரைக்குத்தான் முதலில் தெரியும். இரண்டு பேரும் அவரை மரியாதையாக 'நீங்க' போட்டுப் பேசினார்கள். ஒருவரை ஒருவர் குத்த வேண்டியதையும் அவர் வழியாகவே குத்தினார்கள். சில நாள் துரையின் மேல் இரண்டு பக்கமிருந்தும் ஏச்சு விழும். பாவம், அவர் பதில் சொல்லாதவர்.

அப்படித்தான் ஒருநாள் காலையில், கரும்பச்சைப் பெயின்டுக்கு மெழுகு போட்டுக்கொண்டே தம்பி சொன்னான்: "துரை, உங்களை ஒரு நல்ல கையில பிடிச்சுக் குடுத்துட்டு நானும் கிளம்புறேன். தூரத்துல ஒரு பஸ் கம்பெனி, பெரிய ஒர்க்ஷாப். கையில ஒரு வண்டி இருக்கு, அதை முடிச்சதும் வரேன்னு சொல்லியிருக்கேன். சரின்னுட்டாங்க. ரொம்ப இழுத்தா வேற ஆளைப் போட்டுக்குவாங்களாம்."

அக்காவின் தையல் மெஷின் நின்றது. நின்றதை மறைக்க அவள் உடனே காலை அழுத்தினாள். ஊசி துணியில்லாத இடத்தில் குத்திக்கொண்டு ஓடியது. அவன் போகக் கூடாது. அது அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது, அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். பேசாவிட்டால் என்ன, காலையில் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்கிறதே, ஸ்பானரைத் தொலைத்துவிட்டுத் தன்னைத்தானே திட்டிக்கொள்வது கேட்கிறதே, அது போதும் என்று இருந்தவள். ஆனால் வாயைத் திறந்து "போகாதே" என்று எப்படிச் சொல்வது? முதலில் பேசுகிறவள் தோற்றவள் ஆயிற்றே. துரையிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள்.

"துரை, மெழுகு கண்ணாடியில படுது" என்றாள்.

துரையை விற்கும்வரை தம்பி இருப்பான், விற்றால் போய்விடுவான். அன்றிலிருந்து அக்காவுக்கு இதைத் தவிர வேறு நினைப்பில்லை.

விளம்பரத்தைத் தம்பி மனைவிதான் போனில் போட்டாள். படத்தில் கூரையை மடித்துவிட்டு, பழுப்பு நிறத் தோல் சீட்டு பளபளக்க, துரை மாப்பிள்ளைபோல் நின்றார். ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் வாங்க வரவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ள வந்தார். எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்த காண்ட்ராக்டர் நல்ல மனுஷர், நல்ல உடம்பு. உள்ளே இறங்கிவிட்டார், ஏறத்தான் முடியவில்லை. தம்பி ஒரு கையையும் பெயின்ட்கடைக்காரர் ஒரு கையையும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். இன்னொருவர் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டார். ஒவ்வொருவர் திரும்பிப் போகும்போதும் அக்கா மேலே போய் ஒரு டம்ளர் டீயை நிம்மதியாகக் குடித்தாள்.

நாலாவதாக வந்தவர் ஒரு கம்ப்யூட்டர்காரர். எல்லாம் பிடித்திருந்தது. ஆனால் கதவுக் கண்ணாடியை ஏற்றும்போது அது முன்கண்ணாடிச் சட்டத்தில் இடிக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போனார். குறை உண்மைதான். தம்பிக்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானமே முன்கண்ணாடிச் சட்டத்தின் காலடியில் மெல்லிய தகடுகளைக் கொடுத்து, அதை ஒரு கடுகளவு முன்னால் சாய்த்து நிறுத்தினான். காலடியில் கடுகளவு சாய்த்தால் உச்சியில் இரண்டு விரல் அளவு நகரும். கதவுக் கண்ணாடி இப்போது இடிக்காமல் ஏறியது. வேலை முடிந்ததும் முறைப்படி துரையிடம் சொன்னான்: "துரை, முன்கண்ணாடியைக் கொஞ்சம் முன்னாடி தள்ளியிருக்கேன். கூரையை ஒருதரம் போட்டுப் பாத்துக்கச் சொல்லுங்க."

அப்போது அக்கா திரைக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி சீட்டின் தடித்த ரெக்சினை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. தம்பி அதைப் பற்றி யோசிக்கவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று, தன் கடமை முடிந்தது. இப்படி ஒரு தப்பைச் செய்ய உலகத்தில் இவர்கள் இரண்டு பேரால்தான் முடியும்.

அடுத்த வாரம் பல் டாக்டரம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், கையில் குடை. வந்ததும் விலை கேட்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, சீட்டில் உட்கார்ந்து, தையலை விரலால் தடவினார்.

"இது யார் தைச்சது?"

"நான்தாங்க" என்றாள் அக்கா.

"உள்தையல்கூடத் தெரியலையே! நான் போடுற தையல் இப்படி இருந்தா என் பேஷன்ட் யாரும் என்னைத் திட்ட மாட்டாங்க" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். "முப்பது வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்மா. இனிமே கொஞ்சம் ரோட்டைப் பாக்கலாம்னு இருக்கேன். எஞ்சினைப் போடுங்க தம்பி."

தம்பி சாவியைத் திருப்பினான். துரை ஒரே இழுப்பில் எழுந்து உறுமினார். அக்கா டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இவர் வாங்கிவிடுவார். படம் எடுக்க வந்த முகமில்லை இது.

"எண்ணெய் சொட்டுமா?"

"சொட்டுங்க. இந்த ஜாதி வண்டி சொட்டாம இருந்தா, உள்ள எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்" என்றான் தம்பி.

"நல்லது, பொய் சொல்லலை. கூரையை மூடிக் காட்டுங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு நான் கிளினிக் போக முடியாது."

கூரை அக்காவின் இலாகா. அவள் உற்சாகமாகவே முன்னால் வந்தாள், அதுதான் வேடிக்கை. வண்டி விற்கக் கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டாலும், தன் கையால் தைத்ததை ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் கால் தானாக நடக்கிறது. மடிப்பைப் பிரித்து, கம்பிகளை நிமிர்த்தி, கூரையை டாக்டரம்மாவின் தலைக்கு மேலே இழுத்து, முன்கண்ணாடிச் சட்டத்தின் கொக்கியில் மாட்டப் போனாள். மாட்ட முடியவில்லை. இரண்டு விரல் இடைவெளி. இழுத்தாள். துணி விண்ணென்று நின்றது, நகரவில்லை. போன மாதம் கச்சிதமாக மூடிய கூரை! அந்த இடைவெளி வழியாக டாக்டரம்மா அண்ணாந்து அவளைப் பார்த்தார்.

அக்காவுக்குக் காதெல்லாம் சூடேறியது. விறுவிறுவென்று சட்டத்தின் அடியைப் பார்த்தாள், புதுத் தகடுகள் தெரிந்தன.

"துரை!" என்று கத்தினாள். "இந்தச் சட்டத்தை யார் தொட்டாங்கன்னு கேளுங்க!"

"துரை, தொட்டதும் சொன்னேன்னு சொல்லுங்க!" என்று தம்பி அந்தப் பக்கமிருந்து கத்தினான். "கூரையைப் போட்டுப் பாக்கச் சொன்னேனா இல்லையா? நீங்களே சொல்லுங்க!"

"எப்பச் சொன்னாங்க? யார்கிட்டச் சொன்னாங்க?"

"உங்ககிட்டத்தான் துரை சொன்னேன்! போன வாரம்!"

"அவர்கிட்டச் சொன்னா, அவர் எழுந்து வந்து என்கிட்டச் சொல்லுவாரா?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், கேட்டீங்களா துரை!"

"கூடத்தைக் கோணலாக்கினவங்க பேசக் கூடாது துரை!"

நடுவில், கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பயந்த குரலில், "என்னைத் திட்டறீங்களா?" என்று கேட்டார்.

இருவரும் சட்டென்று நின்றார்கள். பெயின்ட்கடைக்காரர் வாசலிலிருந்து, "இல்லைம்மா, இது இவங்க வழக்கம். நீங்க உட்காருங்க" என்று தைரியம் சொன்னார்.

டாக்டரம்மா இறங்கினார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. கூரை மூடினா எடுத்துக்கிறேன். அந்தச் சட்டத்தைப் பழையபடி தள்ளிடுங்களேன்."

"தள்ளினா கதவுக் கண்ணாடி இடிக்கும்" என்றான் தம்பி.

"அப்ப கூரையைத்தான் சரி பண்ணணும். எத்தனை நாள் ஆகும்?"

தம்பி கையிலிருந்த துணியால் ஏற்கெனவே சுத்தமாயிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். அக்காவை ஒருமுறை பார்த்தான். இரண்டு வருஷத்தில் அவன் அப்படி நேராக அவளைப் பார்த்ததில்லை. பிறகு டாக்டரம்மாவிடம், "கஷ்டமான வேலைங்க. மொத்தமாப் பிரிச்சுப் புதுசாத்தான் தைக்கணும். துணி வெளியூர்லேருந்து வரணும். மூணு மாசம் ஆகும்" என்றான்.

மூன்று மாதமா! அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஊருக்கெல்லாம் கூரை தைத்தவள், வாங்க வந்த ஒருவர் முன்னால், தையல் தெரியாதவள் ஆகிவிட்டாளா? அன்றைக்கு ஜீப்காரர் முன்னால், இன்றைக்கு டாக்டர் முன்னால். துரையையும் மறந்து, டாக்டரம்மாவுக்கு நேரே திரும்பினாள்.

"யாருங்க சொன்னது? மூணு மாசமெல்லாம் ஆகாது. பின்பக்கத் துண்டை மட்டும் பிரிச்சு நீளமா வெட்டிப் போட்டாப் போதும். துணி என்கிட்டயே மிச்சம் இருக்கு. நாலே நாள். திங்கக்கிழமை வந்து எடுத்துட்டுப் போங்க!"

"உறுதியா?"

"என் தையல் மேல சத்தியம்!"

தம்பி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

டாக்டரம்மா குடையை எடுத்துக்கொண்டு போன பிறகுதான், அக்காவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் கெட்டது அப்படித்தான். வாயை மூடிக்கொண்டு, "ஆமாங்க, மூணு மாசம்" என்று தலையாட்டியிருந்தால் போதும். பஸ் கம்பெனி வேறு ஆளைப் போட்டுக்கொண்டிருக்கும். தம்பி இங்கேயே இருந்திருப்பான். அடி அசடே என்று தன்னையே திட்டிக்கொண்டு கத்தரியைக் கையில் எடுத்தாள்.

வேலையை வேண்டுமென்றே தாமதப்படுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் யோசித்தாள். முதல் நாள் தையலைப் பிரிக்காமல் ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆனால் பிரிக்க ஆரம்பித்தபின் அந்தக் கைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அரைகுறையாகத் தைக்க அவளுக்குத் தெரியாது, தெரிந்தால்தானே செய்வதற்கு.

கடைசி நாள் கூரையை மாட்ட நான்கு கைகள் வேண்டியிருந்தன. வெயிலில் போட்டுச் சூடாக்கிய துணி இளகியிருக்கும்போதே ஒருவர் முன்னால் இழுத்துப் பிடிக்க, ஒருவர் பின்னால் பட்டன்களை வரிசையாக அழுத்திக்கொண்டு வர வேண்டும். தம்பி கூப்பிடாமலே வந்து முன்பக்கத்தைப் பிடித்தான்.

"துரை, இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொல்லுங்க."

"துரை, இதுக்கு மேல இழுத்தாக் கிழியும்னு சொல்லுங்க."

"கிழியாது துரை. நான் தைச்சது."

இழுத்தான். கிழியவில்லை. கொக்கி டக்கென்று விழுந்தது. அவன் கட்டைவிரலை அதன் விளிம்பு கீறிவிட்டது, ரத்தம் எட்டிப் பார்த்தது. அக்கா தன் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் துணிக்கீற்றைக் கிழித்துக்கொண்டு வந்து பானெட்டின் மேல் வைத்தாள். "துரை, சீட்டுல கறை படக் கூடாது" என்றாள். அவன் எடுத்துச் சுற்றிக்கொண்டான். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வரவில்லை. பல்லால் கடித்துப் போட்டான். அவள் கை முடிச்சுப் போட நீளப் பார்த்தது. அதை அடக்கிப் பட்டனில் வைத்தாள்.

"துரை..." என்று ஆரம்பித்தாள்.

தம்பி நிமிர்ந்தான். துணிக்கீற்று வாயிலேயே இருக்க, அசையாமல் நின்றான்.

போக வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் வாக்கியம்.

"...வலது பக்கம் கடைசி பட்டன் சரியா விழலை" என்றாள்.

அவன் போய் அந்தப் பட்டனை அழுத்தினான். அது ஏற்கெனவே சரியாகத்தான் விழுந்திருந்தது.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தார். தானே கூரையை மூன்று தரம் மூடித் திறந்து பார்த்தார். கையெழுத்தெல்லாம் முடிந்தது. தலையில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, ஹாரனை அடித்து, திருப்பத்தில் ஒருமுறை எஞ்சினை அணையவிட்டு, மறுபடி கிளப்பி, போயே போய்விட்டார். பட்டறையின் நடுவில் நீளமாக ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அக்கா அந்தப் பக்கம் நின்றாள், தம்பி இந்தப் பக்கம் நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்த தம்பி, யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் அவன் குடும்பத்தோடு கிளம்பினான். பிள்ளைகள் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தம்பி மனைவி, "உங்களுக்கே இது நல்லாயிருக்கா அண்ணி? நீங்களாவது பெரியவங்களா நடந்துக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஆட்டோவில் ஏறினாள். தம்பி பட்டறைச் சாவியோடு உள்ளே வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். கடைசியில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சாவியை வைத்து, மெஷினைப் பார்த்து, "நான் வரேன்" என்றான். அக்கா தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். கோக்கவே முடியவில்லை. தலை நிமிர்ந்தபோது ஆட்டோ போயிருந்தது.

அதன்பின் பட்டறையில் தையல் மட்டும்தான் நடந்தது. காலையில் ஷட்டரை அவளே தூக்கினாள். எஞ்சின் வேலைக்கு வந்தவர்களை வேறு பட்டறைக்கு அனுப்பினாள். மத்தியானம் சாப்பிட்டாளா என்று கேட்க ஆளில்லாததால் பல நாள் சாப்பிடவுமில்லை. அழுகை வரும் போலிருந்தால் மெஷினை ஓட்டினாள். மெஷின் சத்தத்தில் நிஜமாகவே அழுதாள். பெயின்ட்கடைக்காரர் வந்து, "ஒரு போன் பண்ணுக்கா, வாயிலேருந்து முத்து உதிர்ந்திடாது" என்றார். "பண்ணி என்ன சொல்றது?" என்றாள். ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருந்தது அவளுக்கு. துரைக்கு ஏதாவது வந்தால் நல்லது என்று நினைத்தாள். அப்படி ஒரு நல்ல வண்டிக்கு ஒரு நாசமும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை டாக்டரம்மாவே வாசலில் வந்து ஹாரன் அடித்தார். அக்கா ஓடிவந்தாள்.

"என்னங்க ஆச்சு? எஞ்சின் இருமுதா? சூடாகுதா?"

"ஒண்ணுமே ஆகலைம்மா. இந்தப் பக்கம் வந்தேன், காட்டிட்டுப் போகலாம்னு நினைச்சேன். நேத்து அவ்வளவு மழை, ஒரு சொட்டு உள்ள வரலை!"

"ஒண்ணுமே ஆகலையா?" என்று மறுபடி கேட்டாள் அக்கா. டாக்டரம்மாவுக்கு அவள் ஏன் வருத்தப்படுகிறாள் என்று விளங்கவில்லை.

அவர் போனதும் அக்கா மாடிக்குப் போனாள். முகம் கழுவினாள். கதவைச் சாத்தினாள். போனை எடுத்து, தம்பியின் எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

"ஹலோ" என்றான் அவன். பின்னால் ஏதோ பஸ் எஞ்சின் சத்தம்.

அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. "துரை இருமுறார்" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. எங்கோ தள்ளிப் போயிருக்கிறான்.

"எப்படி இருமுறார்?"

"கிளப்பும்போது... கொஞ்ச நேரம். அப்புறம் நின்னுடறார்."

"வேகம் எடுக்கும்போதா, நிக்கும்போதா?"

"ரெண்டுலயும்தான்" என்றாள். "டாக்டரம்மா இப்பதான் கொண்டுவந்து காட்டிட்டுப் போனாங்க. நீ என்ன பண்ணணும்னு சொன்னா நான்..."

'நீ' என்று தான் சொன்னதை அவள் காதால் கேட்டாள். அவனும் கேட்டிருப்பான்.

"டாக்டரம்மா காலையில எனக்குப் போன் பண்ணாங்க" என்றான் தம்பி. "துரை ஜம்முனு ஓடறாராம். ஒரு குறையும் இல்லையாம்."

அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. போனை வைத்துவிடலாமா என்று பார்த்தாள்.

"அக்கா."

"ம்."

"வண்டியை விடு. நீ பேசு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை மறைக்க மெஷின் இல்லை. "உன்னைப் போக வேணாம்னு சொல்லணும்னு இருந்தேன்டா" என்றாள். "அன்னைக்கு நீ மெழுகு போடும்போதே சொல்லியிருக்கணும். வாயில வரலை. நீ போனது எனக்குத் தாங்கலை."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுமாடா போன?"

"மூணு மாசம்னு சொன்னேனேக்கா" என்றான் அவன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"டாக்டரம்மா முன்னாடி. அவ்வளவு நாள் கம்பெனிக்காரன் காத்திருக்க மாட்டான்னு உனக்குத் தெரியாதா? வேற யாராவது தைச்சா மூணு மாசம் ஆகும். உனக்கு நாலு நாள்தான்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா உன் கையைப் பாத்துக்கிட்டு இருக்கிறவன். உன்னைப் பாத்துட்டுத்தானே சொன்னேன்." என்றான். "நீ சத்தியமெல்லாம் பண்ணி திங்கக்கிழமைன்னுட்ட. சரி, எனக்குத் தெரிஞ்சது தப்புபோல, நான் போறதுதான் உனக்கு வேணும்னு நினைச்சுட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் விரல்களைத் துடைத்தது, அவளைப் பார்த்தது, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவள்தான் அறைந்து சாத்தியிருக்கிறாள்.

"பாவி! அதை என்கிட்ட நேராச் சொல்லித் தொலைக்கக் கூடாதாடா?"

"நீ சொல்லியிருக்கலாமே?"

அவன் பக்கத்தில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "இருங்க, அக்காகூடப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்று அவன் சொல்வது கேட்டது. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.